பக்கவாதத்துக்குப் பின் கையை மீட்பது: மூளைக்குப் பயிற்சி தரும் முறை, படிப்படியாக

பக்கவாதத்தில் பழுதாவது கையின் தசை அல்ல; அந்தத் தசைக்கு ஆணை அனுப்பும் மூளை. இது புரியாமல், தொங்கும் கையை உருவிவிடுவதிலும் பந்தை அமுக்கச் சொல்வதிலும் மீட்சிக்கு மிகவும் தோதான முதல் மாதங்கள் கரைந்துபோகின்றன. இலக்கு ஒன்றை வைத்து, தானே முயன்று, விளைவைக் கண்டு, பிழையைத் திருத்தி, மறுபடி முயலும்போதுதான் மூளை அசைவைக் கற்கிறது. கீழே வரும் படிகளெல்லாம் இந்தச் சுற்று தடைபடாமல் நடப்பதற்காகவே.

இது நோயாளிக்கும் வீட்டில் உடனிருந்து உதவுபவருக்கும் எழுதப்பட்டது. கையை மட்டும் பேசுகிறது. நடைப்பயிற்சி தனிக் கதை. பிசியோதெரபிஸ்ட் தரும் பயிற்சியோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இது, அதற்கு மாற்று அல்ல.

1. எந்தப் பகுதியில் அடி என்று முதலில் கேளுங்கள்

ஸ்கேன் அறிக்கையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மூளையின் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டது? தொடு உணர்ச்சியும் கவனமும் பாதிக்கப்பட்டுள்ளனவா? கை ஒன்றேயானாலும் பழுதான இடத்தைப் பொறுத்துப் பயிற்சி மாறும்.

பெருமூளையின் மேலடுக்கான புறணியில், அசைவுக்கு ஆணையிடும் இயக்கப் பகுதியிலிருந்து கிளம்பும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் எதிர்ப்பக்கம் மாறித் தண்டுவடத்துக்குள் இறங்குகின்றன. அதனால் இடது மூளையில் அடிபட்டால் வலது கை தளரும். இந்த இழைகள் மூளையின் ஆழத்தில் குறுகலான ஓரிடத்தில் நெருக்கமாகக் கடந்து போகின்றன. அங்கே சின்ன அடைப்பு ஏற்பட்டாலே முகம், கை, கால் மூன்றும் ஒருசேர விழுந்துவிடலாம். ஸ்கேனில் தெரியும் புள்ளி சிறியது என்பதால் பாதிப்பும் சிறிதாக இருக்கும் என்று எண்ணக் கூடாது.

சிறுமூளையில் அடி என்றால் கதை வேறு. பலம் ஓரளவு இருக்கும். குறி தவறும், டம்ளரை நெருங்கும்போது கை ஆடும். பாதிப்பும் எதிர்ப்பக்கத்தில் அல்ல, அதே பக்கத்தில் தெரியும். இவர்களுக்கு எடை தூக்கும் பயிற்சியால் பெரிய பயன் இல்லை. மெதுவாக, துல்லியமாக இலக்கைத் தொடும் பயிற்சிதான் தேவை.

மூளையின் மேல் பின்பக்கத்தில் உள்ள பக்கச் சுவர் மடலில் அடிபட்டால், குறிப்பாக வலது மூளையில், நோயாளி தன் இடப்பக்கத்தையே கவனிக்காமல் விடக்கூடும். கையில் அசைவு இருக்கும், ஆனால் அது தன்னுடையது என்ற நினைவே இருக்காது. இவர்களிடம் 'கையைத் தூக்குங்கள்' என்று சொல்லிக்கொண்டிருப்பதால் பலனில்லை. முதலில் தலையையும் கண்ணையும் அந்தப் பக்கம் திருப்பப் பழக்க வேண்டும்.

2. தொடங்க அனுமதி வாங்குங்கள்

சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்பது உண்மை. ஆனால் முதல் நாளிலேயே கடுமையாகத் தொடங்குவது நல்லதல்ல. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளிகளை அதிக அளவில் எழுப்பி நடமாட வைத்த பெரிய பன்னாட்டு ஆய்வு 2015இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களில் நல்ல மீட்சி குறைவாகவே இருந்தது. எனவே எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவக் குழு முடிவு செய்யட்டும்.

அவர்களிடம் எழுதி வாங்க வேண்டியவை: ரத்த அழுத்தம் எந்த அளவைத் தாண்டினால் பயிற்சி கூடாது, தோள் மூட்டு இறங்கியிருக்கிறதா, கையை எவ்வளவு உயரம் வரை தூக்கலாம். இந்த மூன்றும் தெரியாமல் வீட்டில் தொடங்க வேண்டாம்.

மீட்சி மிக வேகமாக நடப்பது ஏறத்தாழ முதல் மூன்று மாதங்களில். அதற்குப் பிறகும் பயிற்சியால் முன்னேற்றம் வரும், வேகம்தான் குறையும். காலம் கடந்துவிட்டது என்று கையை விட்டுவிட இது காரணமாகாது.

3. இடமும் பொருட்களும்

கைப்பிடி இல்லாத, உறுதியான, சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்று. முழங்கையைத் தாங்கும் உயரத்தில் மேசை. பாதங்கள் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் பலகை வையுங்கள். பாதம் பதியாவிட்டால் உடல் சாயாமல் காப்பதிலேயே மூளை முனைந்திருக்கும். கையின் மேல் கவனம் குறையும்.

பொருட்கள்: மெல்லிய துண்டு, மேசையில் ஒட்ட நிற டேப், பிளாஸ்டிக் டம்ளர்கள் சில, துணி கிளிப்புகள், நாணயங்கள், திருகு மூடியுள்ள டப்பா, அளவு நாடா, நிறுத்தற்கடிகாரம், ஒரு நோட்டு. முழங்கை முதல் விரல் நுனி வரை முழுதாகத் தெரியும் அளவுக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடியை நிமிர்த்தி நிறுத்த ஒரு தாங்கி.

டிவியை அணைத்துவிடுங்கள். பழுதான மூளைக்கு இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தாங்குவது கடினம். பின்னணிப் பேச்சே அசைவைக் குலைத்துவிடும்.

4. முதல் நாள் அளவு எடுங்கள்

அளவு இல்லாமல் தொடங்கினால், பத்து நாளில் 'ஒன்றும் மாறவில்லை' என்று மனம் விட்டுப்போகும். மாற்றம் அங்கே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான்கு அளவுகள் போதும்.

தோள்: கையைப் பக்கவாட்டில் உடலிலிருந்து தானே விலக்க முடிகிறதா? எவ்வளவு?

விரல்: மூடிய விரல்களைத் தானே கொஞ்சமாவது நீட்ட முடிகிறதா? விரல் நீட்டலும் தோள் விலக்கலும் ஆரம்ப நாட்களிலேயே தென்பட்டால் கை பயன்பாட்டுக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் இந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் சோதிப்பது அதனால்தான்.

எட்டும் தூரம்: முதுகு நாற்காலியில் ஒட்டியிருக்க, மேசையில் துண்டின் மேல் வைத்த கையை எத்தனை சென்டிமீட்டர் முன்னே தள்ள முடிகிறது?

வேலை: 60 நொடிகளில் எத்தனை டம்ளர்களை ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைக்க முடிகிறது? முடியாவிட்டால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். பின்னால் அந்தப் பூஜ்யம் விலைமதிப்புள்ளதாகும்.

5. தோளைக் காத்து உட்காருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு தோள்வலியால் மாதக்கணக்கில் பயிற்சியையே நிறுத்துகிறார்கள். தளர்ந்த தசைகளால் தோள் மூட்டைப் பிடித்து வைக்க முடியாது. கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் முன்கை மேசையிலோ தலையணையிலோ தாங்கப்பட்டிருக்க வேண்டும்.

எழுப்பும்போது பழுதான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்குவதும் தவறு. தோள்பட்டை எலும்பின் மேல் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து உதவுங்கள். தலைக்கு மேலே கயிறும் கப்பியும் கட்டி, நல்ல கையால் தளர்ந்த கையை மேலே இழுக்கும் பயிற்சியை யார் சொன்னாலும் தவிர்த்துவிடுங்கள். தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாத நிலையில் கையை மட்டும் உயர்த்தினால் நடுவில் உள்ள மென்திசு நசுங்கும்.

6. அசைவே இல்லாத கைக்கு: கற்பனையும் கண்ணாடியும்

கை துளியும் அசையவில்லை என்றாலும் பயிற்சியைத் தொடங்கலாம். ஓர் அசைவை மனத்துக்குள் நடத்திப் பார்க்கும்போது, அதைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளில் பல வேலை செய்யத்தான் செய்கின்றன.

முதலில் கற்பனை, ஐந்து முதல் பத்து நிமிடம். கண்ணை மூடி, தன் கை டம்ளரை நோக்கிப் போவதையும் விரல்கள் விரிவதையும் உள்ளங்கையில் அதன் குளிர்ச்சி படுவதையும் நினைக்க வேண்டும். வெளியிலிருந்து படம் பார்ப்பதுபோல் அல்லாமல், தன் கண் வழியாகவே பார்க்க வேண்டும். நினைத்த அசைவு நிஜமாகச் செய்தால் ஆகும் நேரத்தையே எடுக்க வேண்டும். இரண்டு நொடியில் முடித்துவிட்டால் மனம் அதைச் செய்யவில்லை என்று பொருள்.

அடுத்து கண்ணாடி. உடலின் நடுக்கோட்டில், நெஞ்சுக்கு நேரே நிறுத்துங்கள். பழுதான கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க, நல்ல கை முன்னால். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிம்பத்தில் தெரியும் கை தன் பழுதான கையாகவே தோன்ற வேண்டும். ஒரு மோதிரம் போதும், அந்தத் தோற்றம் கலைந்துவிடும். நல்ல கையால் மணிக்கட்டை உயர்த்துதல், விரல்களை விரித்தல், கட்டைவிரலைச் சுண்டுவிரலில் தொடுதல் என்று மெதுவாகச் செய்யுங்கள். கண் பிம்பத்தைவிட்டு அகலக் கூடாது. அதே நேரத்தில் மறைந்திருக்கும் கையையும் அசைக்க முயல வேண்டும். 15 முதல் 30 நிமிடம்.

வழக்கமான பிழை: வேகம். வேகமாக ஆட்டினால் கண் நல்ல கைக்கே போய்விடும். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் நிறுத்திவிட்டு, மறுநாள் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

7. சிறு அசைவு வந்ததும்: வேலையை வைத்துப் பயிற்சி

இதுதான் வழிகாட்டியின் இதயப் பகுதி. வெறுமனே கையை மடக்கி நீட்டுவதைவிட, ஒரு பொருளை அடைவதற்காக நீட்டுவது மேல். இலக்கு இருந்தால்தான் மூளைக்கு 'அடைந்தேனா இல்லையா' என்ற செய்தி திரும்பக் கிடைக்கும். வரிசை முக்கியம்: எட்டுதல், விடுதல், பிடித்தல், கிள்ளுதல், இரு கை வேலை.

எட்டுதல்: துண்டின் மேல் கையை வைத்து, மேசையில் ஒட்டிய டேப் கோட்டை நோக்கித் தள்ளச் சொல்லுங்கள். மேசை கையின் எடையைத் தாங்கிக்கொள்கிறது, துண்டு உராய்வைக் குறைக்கிறது. கோட்டைத் தொட முடியாதபோது நோயாளி முதுகை முன்னே சாய்த்துத் தொட்டுவிடுவார். தோளைக் காதுவரை தூக்குவதும் உண்டு. வேலை முடிந்ததுபோல் தெரியும், ஆனால் மூளை கற்றது முதுகைச் சாய்க்க. நெஞ்சைச் சுற்றி அகலமான துணியை நாற்காலி முதுகோடு தளர்வாகக் கட்டினால் சாய்வு உடனே புலப்படும். சாய்ந்தால் கோட்டை ஐந்து சென்டிமீட்டர் அருகே கொண்டுவாருங்கள்.

விடுதல்: பிடிப்பதற்கு முன் விடுவதைப் பழக்க வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பக்கவாதத்துக்குப் பின் விரல்களை மடக்கும் தசைகள் தாமாகவே இறுகும், நீட்டும் தசைகள்தான் ஆணைக்குக் காத்திருக்கும். பந்தை அமுக்கும் பயிற்சி இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய எதுவும் செய்வதில்லை. டம்ளரை உள்ளங்கையில் நீங்களே வைத்து, நோயாளியை விடச் சொல்லுங்கள். மணிக்கட்டைச் சற்றுக் கீழே தொங்கவிட்டால் விரல் எளிதில் விரியும். தொடக்கத்தில் அந்த உதவியை எடுத்துக்கொள்ளலாம், பிறகு மணிக்கட்டை நேராக வைத்தே விடப் பழக வேண்டும். விரல்களைப் பிடுங்கி விரிக்காதீர்கள். சட்டென்று இழுத்தால் இறுக்கம் கூடும். மெதுவாக நீட்டிப் பிடித்திருந்தால் தளரும்.

பிடித்தல்: விடத் தெரிந்த கைக்குப் பிடிக்கக் கொடுங்கள். காலி டம்ளரை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது. பிறகு கால் பங்கு தண்ணீர், அரைப் பங்கு, உதடுவரை கொண்டுபோதல்.

கிள்ளுதல்: துணி கிளிப்பை டப்பாவின் விளிம்பில் மாட்டுவது, நாணயத்தைத் தட்டையான இடத்திலிருந்து எடுப்பது, சட்டைப் பொத்தான். மூளையின் இயக்கப் புறணியில் கைவிரல்களுக்கான பங்கு மிகப் பெரியது, அந்த நுட்பம் திரும்ப நேரமும் அதிகம் பிடிக்கும். இங்கே பொறுமை தேவை.

இரு கை வேலை: துண்டு மடித்தல், டப்பாவைப் பழுதான கை பிடித்திருக்க நல்ல கை மூடியைத் திருகுதல். இதில் நல்ல கை முழு வேலையையும் பறித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. கடினத்தை எப்போது கூட்டுவது

பத்து முயற்சிகளை ஒரு தொகுதியாக வையுங்கள். ஒன்பதோ பத்தோ வெற்றி என்றால் வேலை எளிதாகிவிட்டது, கடினமாக்குங்கள். ஆறு முதல் எட்டு என்றால் அங்கேயே நில்லுங்கள், கற்றல் நடப்பது அங்கேதான். ஐந்தோ அதற்குக் கீழோ என்றால் எளிதாக்குங்கள்.

கூட்டும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தூரம், உயரம், எடை, பொருளின் அளவு, வேகம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் தோற்றது என்று உங்களுக்கும் தெரியாது, மூளைக்கும் தெரியாது.

முதல் வாரங்களில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். அது கைவந்த பின் மூன்று வேலைகளைக் கலைத்துப்போட்டுச் செய்யுங்கள். கலந்து செய்யும்போது அன்றைய மதிப்பெண் குறையும். ஆனால் சில நாள் கழித்துச் சோதித்தால் பொதுவாக அதுதான் அதிகம் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் மூளை திட்டத்தைப் புதிதாகப் போட வேண்டியிருப்பதே காரணம்.

9. எண்ணிக்கையும் ஓய்வும்

அதிகம் ஏமாற்றுவது இந்த இடம்தான். விலங்கு ஆய்வுகளில் மூளையின் வரைபடம், அதாவது எந்தப் பகுதி எந்த உறுப்பை இயக்கும் என்ற பங்கீடு, மாறியது ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முயற்சிகளுக்குப் பிறகு. ஆனால் பக்கவாத நோயாளிகளின் சிகிச்சை அமர்வுகளைக் கவனித்து எண்ணிய ஓர் ஆய்வு, கையை ஒரு வேலைக்காகப் பயன்படுத்திய முயற்சிகள் அமர்வுக்குச் சராசரியாக 32தான் என்று 2009இல் காட்டியது. சிகிச்சை நேரத்தில் மட்டும் செய்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வீட்டுப் பயிற்சி அதனால்தான்.

20 நிமிட அமர்வுகளாகப் பிரித்து நாளைக்கு மூன்று என்பது பெரும்பாலோருக்குத் தாங்கும். அமர்வுக்கு 30 முயற்சியில் தொடங்கி, வாரம்தோறும் ஏற்றி, 100 வரை போகப் பாருங்கள். சரியான முயற்சிகளை மட்டும் நோட்டில் கோடுபோட்டு எண்ணுங்கள். முதுகு சாய்ந்தது, தோள் தூக்கியது எண்ணிக்கையில் சேராது.

பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு சோம்பலால் வருவதல்ல, நோயின் பகுதி. தொடர்ந்து மூன்று முயற்சிகள் முன்னைவிட மோசமானால் இரண்டு நிமிடம் ஓய்வு. ஓய்வுக்குப் பின்னும் சரியாகாவிட்டால் அந்த அமர்வு முடிந்தது. இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டாதீர்கள். பகலில் கற்றது மூளையில் உறைவதற்குத் தூக்கம் வேண்டும்.

10. உதவுபவர் எப்படிப் பேச வேண்டும்

'முழங்கையை நீட்டுங்க, தோளை இறக்குங்க, மணிக்கட்டைத் தூக்குங்க' என்று ஒரே மூச்சில் சொன்னால் அசைவு உறைந்துவிடும். ஒரு முயற்சிக்கு ஒரு சொல். அதுவும் உடலுறுப்பைவிட வெளிப் பொருளைக் குறித்ததாக இருக்கட்டும்: 'அந்தச் சிவப்பு டம்ளரைத் தொடுங்க.' கவனம் இலக்கின் மேல் இருக்கும்போது அசைவு தானாகவே சீராகிறது.

ஒவ்வொரு முயற்சிக்கும் 'சபாஷ்' வேண்டாம். ஐந்து முயற்சி முடிந்ததும் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்: 'மூணு முறை கோட்டைத் தொட்டீங்க, கடைசி ரெண்டுல முதுகு முன்னால வந்துருச்சு.' எப்போதும் வெளியிலிருந்தே தீர்ப்பு வந்தால் நோயாளி தன் பிழையைத் தானே கவனிக்கும் வழக்கத்தை விட்டுவிடுவார்.

கேட்டதும் கையைப் பிடித்து நகர்த்திவிடாதீர்கள். பத்து நொடி காத்திருங்கள். ஆணை கிளம்பவே நேரமாகும், அந்தக் காத்திருப்பும் பயிற்சிதான். பேச்சும் பாதிக்கப்பட்டவர் என்றால் சொல்வதைவிட நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள்.

11. நல்ல கையைக் கட்டுப்படுத்துவது

பழுதான கையால் முயன்று தோற்றதும், நல்ல கை வேலையை முடித்துவிடுகிறது. நாளடைவில் அசைவு திரும்பியிருந்தாலும் கையைப் பயன்படுத்தாமல் இருக்கவே மூளை பழகிவிடும். இதை உடைக்கத்தான் நல்ல கைக்கு உறை மாட்டும் முறை. 222 பேரைக் கொண்டு நடந்து 2006இல் வெளியான ஆய்வில், பக்கவாதத்துக்கு மூன்று முதல் ஒன்பது மாதம் கழித்து இரண்டு வாரம் இந்த முறையைப் பின்பற்றியவர்களின் கைப்பயன்பாடு தெளிவாக மேம்பட்டது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மணிக்கட்டைக் குறைந்தது 10 முதல் 20 பாகையும் விரல்களை 10 பாகையும் தானே உயர்த்த முடிய வேண்டும். அதற்குக் குறைவானவருக்கு உறை மாட்டினால் மிஞ்சுவது தோல்வியும் மனச்சோர்வும்தான்.

மூல முறையில் விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறையோடு இருக்க வேண்டும், அதோடு நாளைக்கு ஆறு மணி நேரம் வரை பயிற்சி. வீட்டில் தெரபிஸ்டின் ஒப்புதலோடு இரண்டு மணி நேரத்தில் தொடங்கலாம். நடக்கும்போதும், படியேறும்போதும், குளியலறையிலும், சூடான பொருள் அருகிலும் உறையைக் கழற்றிவிட வேண்டும். தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தக் கை வேண்டும்.

12. தேக்கம் வந்தால்

நான்காம் படியில் எடுத்த அளவுகளை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடுங்கள். காலையின் கையும் மாலையின் கையும் ஒன்றல்ல.

மூன்று வாரம் எண் நகரவில்லை என்றால் பயிற்சியைக் கூட்டும் முன் காரணத்தைத் தேடுங்கள். விரல் இறுக்கம் கூடியிருக்கிறதா? ஊசி மருந்து, மின்தூண்டல், கைத்தாங்கி போன்ற வழிகளைப் பற்றி மருத்துவர் முடிவெடுக்கலாம். தோளில் வலியா? வலியோடு செய்யும் அசைவை மூளை தவிர்க்கவே கற்கும். மனச்சோர்வா? பக்கவாதத்துக்குப் பின் அது மிகச் சாதாரணம், சிகிச்சையும் உண்டு. உணர்ச்சி மரத்துப்போயிருக்கிறதா? அப்படியானால் கையைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். சூட்டையும் கூர்மையையும் தோல் எச்சரிக்காது.

13. உடனே நிறுத்த வேண்டிய நேரம்

முகம் கோணுதல், பேச்சுக் குழறல், புதிதாகக் கை கால் தளர்வு, திடீர்க் கடும் தலைவலி: மணியைக் குறித்துக்கொண்டு உடனே அவசர மருத்துவமனை. படுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலும் அப்படியே.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம்; தேய்த்துவிடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பழுதான கை வீங்கி, சிவந்து, தொட்டாலே வலித்தால் அந்த வாரத்துக்குள் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். போகும்போது நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்: தேதி, செய்த வேலை, சரியான முயற்சிகளின் எண்ணிக்கை, வலி வந்த அசைவு. அடுத்த பயிற்சியை அவர் அதை வைத்துத்தான் வகுப்பார்.